தண்ணீரைக் கண்டால் நிற்கிற வண்டி

நிஸ்வா
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அருமை மகன் நப்ஹானுக்கு உன் உம்மா ராயா சலாம் சொல்லி எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் உன் உடம்பையும் மனசையும் இறைவன் பத்திரமாக வைத்திருப்பானாக. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை, பாதி சுகம் என்று வைத்துக்கொள். போன் இருக்கும்போது உம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் உன்னிடம் பேசினால் உன் வாப்பா பக்கத்து அறையிலிருந்து பதில் சொல்கிறார். குரல் பதிவு அனுப்பினாலோ, நீ அனுப்பும் பதிலை அவர் என் போனை எடுத்து முழுச் சத்தத்தில் போட்டுக் கேட்கிறார், தெருவில் போகிறவர்கள் நின்று உனக்கு சலாம் சொல்கிறார்கள். காகிதம்தான் வாயை மூடிக்கொண்டிருக்கும். உன்னோடு வேலை செய்யும் யஃகூபின் மனைவி செவ்வாய்க்கிழமை அபர்தீனுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதையும் இரண்டு டப்பா ஹல்வாவையும் காய்ந்த எலுமிச்சையையும் கொடுத்தனுப்புகிறேன். ஹல்வாவை ஆபீஸில் எல்லோருக்கும் வாரிக் கொடுத்துவிட்டு டப்பாவை நக்கிக்கொண்டு நிற்காதே, போன வாரம் அனுப்பிய போட்டோவில் உன் கழுத்தெலும்பு தெரிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, நீ மூன்றாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து முதியோர் வகுப்புப் பாடம் எழுதிக் கற்ற எழுத்து இது, அதற்கு மேல் வளரவில்லை.

புது வண்டி வாங்குவதற்கு நீ ஒப்பிட்டு அனுப்பிய அட்டவணை வந்து சேர்ந்தது. சேர்ந்தது என்றா சொன்னேன், வீட்டையே பிடித்துக்கொண்டது. உன் வாப்பா அதைக் கடையில் கொடுத்துக் கலரில் பெரிதாக அச்சடித்து, ஆட்கள் வந்து உட்காரும் மஜ்லிஸில் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறார். ஒரு பக்கம் ஜப்பான் வண்டி, மறுபக்கம் கொரியா வண்டி, மொத்தம் முப்பத்தொரு வரி. அஸருக்குப் பிறகு வருகிறவர்கள் முன்பெல்லாம் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்ததும் மழை, மாடு, மருமகள் என்று பேசுவார்கள், இப்போது வந்ததும் வராததுமாக அந்தச் சுவர் முன்னால் போய் நிற்கிறார்கள். ஜப்பான்காரனில் ஏழு பேர் உட்காரலாம், ஆனால் மூன்றாம் வரிசையில் உட்காருகிறவருக்கு முழங்கால் இருக்கக் கூடாது. கொரியாக்காரனில் ஐந்து பேர்தான், ஆனால் பின்சீட்டுக்குத் தனியாக ஏசி, கூரை முழுக்கக் கண்ணாடி. ஜூன் மாத வெயிலில் கூரையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ரொட்டி சுடுவதா. கொரியாக்காரன் பெட்ரோல் குறைவாகக் குடிக்கிறான், ஆனால் முன் சக்கரம் இரண்டும்தான் இழுக்கும். ஜப்பான்காரனுக்கு நாலு சக்கரமும் இழுக்கும், மலை ஏறத் தனி கியர். இதெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது, தொழுகையில் கூட நடுவில் வந்து தொலைக்கிறது. பத்தொன்பதாம் வரிதான் எல்லோருக்கும் பிடித்த வரி. எவ்வளவு ஆழத் தண்ணீரில் போகலாம் என்ற வரி. ஜப்பான்காரனுக்கு எழுபது சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறாய், கொரியாக்காரனுக்குக் கம்பெனி சொல்லவில்லை என்று போட்டிருக்கிறாய். அடியில் உன் கைப்பட, வாப்பா, நம்ம காட்டாத்துக்கு ஜப்பான் வண்டிதான் சரி, பாதுகாப்பு முக்கியம் என்று எழுதியிருக்கிறாய். அதை அவர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். வருகிறவர்களிடம் விரலை அங்கே வைத்து, என் மவன் இன்ஜினியரு, சும்மா சொல்ல மாட்டான் என்கிறார். உன்னைப் பெற்றதற்கு அவர் இவ்வளவு பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டு ஷோரூமுக்கும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கொரியா வண்டி வைத்திருக்கும் கடையில் உள்ளே ஏறிக்கூடப் பார்க்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு, நல்லா இருக்கு, கல்யாணப் பொண்ணு மாதிரி, ஆத்தோரமா நிறுத்தி வச்சு போட்டோ எடுத்துக்கலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். ஜப்பான் வண்டிக் கடையில் வெள்ளை அங்கியோடு தரையில் மல்லாந்து படுத்து வண்டியின் வயிற்றுக்கு அடியில் போய்விட்டார், அறுபத்து மூன்று வயசு மனுஷன். அங்கே விற்பனைக்கு இருக்கும் பெண், ஸுந்துஸ் என்று பெயர், நல்ல பிள்ளை, பதறிப்போய், சாச்சா எழுந்திரிங்க, லிப்டுல ஏத்திக் காட்டச் சொல்றேன் என்று கெஞ்சினாள். அடியிலிருந்தே, இருபத்திரெண்டு சென்டிமீட்டர் உசரம்னு போட்டிருக்கு, ஜாணால அளந்து பாத்துட்டு வர்றேன் மகளே என்று பதில் வந்தது. அவள் என் பக்கம் திரும்பி, சாச்சி, உங்களுக்கு எது புடிச்சிருக்கு என்று கேட்டாள். அந்தக் கடைக்குள் அதுவரை என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜப்பான்காரனில் ஏறுவதென்றால் முதலில் பலகையில் ஒரு கால், அப்புறம் கைப்பிடியைப் பிடித்து ஓர் இழுப்பு, அதற்குள் அபாயா கதவில் மாட்டிக்கொள்ளும். கொரியாக்காரனில் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்துவிடலாம். என் முழங்காலுக்கு அந்தக் குட்டை வண்டிதான் சரி மகளே என்றேன். வாப்பா அடியிலிருந்து சிரித்தார். லைசென்ஸ் டெஸ்ட்டுல டிரம்முக்கு நடுவுல ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா மூணு தடவ டிரம்ம இடிச்சுட்டு, லைசென்ஸே வேணாம்னு வீட்டுக்கு ஓடி வந்தவ, அவ சொல்றத எழுதிக்காத என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், உண்மைதானே. ஆனால் முழங்கால் ஒரு சாக்கு. எனக்கு அந்தக் குட்டை வண்டி வேண்டும் என்பதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் மூன்று நாளாக இந்தக் காகிதத்தை மடித்து மடித்து அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன்.

நம் பழைய வண்டிக்குக் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று உனக்குச் சொன்னோம். கியர்பாக்ஸ் போகவில்லை. வண்டியைக் காட்டாறு கொண்டுபோனது. உள்ளே நாங்கள் இருந்தோம், உன் வாப்பாவும் நானும், பின்சீட்டில் உன் அக்கா பத்ரியாவின் மகள் மைத்தாவும். பயப்படாதே, மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், இருந்துகொண்டுதான் எழுதுகிறேன். பிப்ரவரி கடைசி வியாழக்கிழமை, மைத்தா இரண்டு நாள் நம் வீட்டில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகக் கிளம்பினாள். நம் ஊரில் ஒரு துளி இல்லை, மலை மேல் மட்டும் கறுத்துக்கொண்டு நின்றது. தரைப்பாலத்துக்குப் போய்ச் சேரும்போது ஆறு வந்துவிட்டது. இரண்டு கரையும் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும், நீயும் சின்ன வயசில் வண்டிக் கூரையில் ஏறி நின்று கத்தினவன்தானே. பாய் விரித்துக் கஹ்வா ஊற்றிக்கொண்டிருந்தார்கள், பெரிய பிக்கப் இரண்டு தாண்டிப் போனதும் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள். வாப்பாவைக் கண்டதும் சூழ்ந்துகொண்டு, நீங்க சொல்லுங்க அபூ நப்ஹான், இறங்கலாமா, இன்னும் ஏறுமா என்று கேட்டார்கள். முப்பது வருஷம் ரோடு போட்டவர், அந்தப் பாலத்துக்குக் கான்கிரீட் ஊற்றும்போது பக்கத்திலேயே நின்றவர், அவரைக் கேட்காமல் யாரைக் கேட்பார்கள். தண்ணீர் அளவுக் கம்பத்தின் சிவப்பைத் தொடவில்லை, ஒரு ஜாண் வெள்ளை பாக்கி இருந்தது. அவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார், மிதந்து போகும் குச்சியைப் பார்த்தார். பிறகு வண்டியை இறக்கினார். எதற்கு இறக்கினார் என்று இப்போது கேட்காதே. பாதி தூரம் சரியாகத்தான் போனது. பாலத்தின் ஓரத்தை அடியில் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது, மேலே இருந்து பார்த்தால் யாருக்குத் தெரியும், அவர் மனசில் இருந்தது அவர் ஊற்றிய பாலம், தண்ணீருக்குக் கீழே இருந்தது அது இல்லை. இடது சக்கரம் இறங்கியது, வண்டி திரும்பி, பக்கவாட்டில் மிதந்து போய்க் கீழே நிற்கும் இலந்தை மரத்தில் முட்டி நின்றது. தண்ணீர் சீட்டுக்கு மேலே வந்துவிட்டது. எங்கள் இரண்டு பேர் பெல்ட்டும் கழன்றது, மைத்தாவின் பெல்ட் கழலவில்லை. அவள் கத்தவில்லை மகனே, கத்தியிருந்தால் தேவலை. கழல மாட்டேங்குது, கழல மாட்டேங்குது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் அவள் மோவாய்க்கு வந்துவிட்டது. வாப்பா பின்னால் தாவித் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, ஆரஞ்சு உரிக்க வைத்திருந்த சின்னக் கத்தியால் பெல்ட்டை அறுத்தார். மூன்று தடவை உள்ளே போய் வந்தார். இரண்டாவது தடவை வெளியே வந்த அவர் முகத்தை நான் பார்த்தேன், முப்பத்தைந்து வருஷத்தில் பார்க்காத முகம், அதை எழுத எனக்கு வராது. கரையில் இருந்தவர்கள் கயிறு கட்டி, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து எங்களை இழுத்தார்கள். இறைவன் அவர்கள் கைகளுக்குப் பலம் கொடுக்கட்டும்.

அன்று சாயங்காலமே கதைகள் தயாராகிவிட்டன. உனக்குக் கியர்பாக்ஸ் கதை. பத்ரியாவுக்கு வேறு கதை, வண்டியைக் கரையோரம் நிறுத்திவிட்டுக் கஹ்வா குடித்துக்கொண்டிருந்தோம், திடீரென்று வெள்ளம் ஏறி வெறும் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, தம்பிக்குச் சொன்னால் தூரத்தில் கிடந்து பதறுவான், அதனால் அவனிடம் வாயைத் திறக்காதே என்று. அத்தனை பேர் பார்த்ததை எப்படி மறைத்தீர்கள் என்பாய். நம் ஊரை உனக்குத் தெரியாதா, அபூ நப்ஹான் மானம் என்றதும் கரையில் நின்ற ஒவ்வொருவனும் போலீஸிடமும் பெண்டாட்டியிடமும் அதே கதையைச் சொன்னான். ஒரு வீடியோ சுற்றியது, அதில் மரமும் வண்டியின் கூரையும்தான் தெரிந்தது. பத்ரியாவின் புருஷன் மர்ஹூன் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போயிருந்தான். மைத்தாவின் துணியை நான்தான் சேறு போகத் துவைத்துக் காயவைத்து மடித்து அனுப்பினேன். வாப்பா அவளை மடியில் உட்காரவைத்து, உம்மாகிட்ட சொல்லாத கண்ணு, அவ பயந்துடுவா என்றார். எட்டு வயசுப் பிள்ளை, இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த வண்டியிலும் பெல்ட் போட மாட்டேன் என்கிறாள், போட்டுவிட்டால் கழற்றிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாள். பத்ரியாவுக்கு எதற்கென்று தெரியாது. அடம், செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்று கத்துகிறாள், போன மாதம் நம் வாசலில் வைத்து என் கண் முன்னாலேயே கையில் ஓர் அடி போட்டாள். நான் முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், உரித்துக்கொண்டே இருந்தேன்.

உன் வாப்பா முதல் வாரம் யாரோடும் பேசவில்லை. இரண்டாம் வாரம், பாலத்தோட ஓரம் அரிச்சுப் போயிருந்துச்சு என்றார், அது உண்மை. மூன்றாம் வாரம், வண்டி குட்டை, இன்னும் ஒரு பத்து சென்டிமீட்டர் உசரம் இருந்திருந்தா அக்கரைக்குப் போயிருப்போம் என்றார். மஜ்லிஸில் எல்லோரும் தலையாட்டினார்கள், தலையாட்டி ஆட்டி அவரே அதை நம்பிவிட்டார். இப்போது தப்பு அவருடையதும் இல்லை, ஆற்றுடையதும் இல்லை, வண்டியுடையது. அந்தப் பத்து சென்டிமீட்டரைத்தான் மகனே நீ கணக்காகப் பத்தொன்பதாம் வரியில் எழுதி அனுப்பியிருக்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்கு என்ன தெரியும். ஆனால் அந்த உயர வண்டி வாசலில் வந்து நின்றால் அடுத்த மழைக்கு அவர் தண்ணீரைப் பார்க்க மாட்டார், எழுபது என்ற எண்ணைத்தான் பார்ப்பார், இறங்கிவிடுவார். எனக்கு வேண்டியது தண்ணீரைக் கண்டால் நிற்கிற வண்டி. குட்டை வண்டியாக இருந்தால் அவர் அதைக் கரையில் நிறுத்தி, என்னையும் உன்னையும் கொரியாவையும் திட்டிக்கொண்டு, வெள்ளம் வடியும்வரை மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த மூன்று மணி நேரம்தான் எனக்கு வேண்டும், மலை கியரும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம். அதனால் நீ அவருக்கு எழுது, ஜப்பான் வண்டியில் என்னவோ குறை இருப்பதாக இப்போதுதான் கேள்விப்பட்டேன், கொரியா வண்டியே போதும் என்று எழுது. உன் சொல்லைக் கேட்பார். பொய்தான். இவ்வளவு பொய் உட்கார்ந்திருக்கும் வீட்டில் இன்னும் ஒன்றுக்கு இடம் இல்லாமலா போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை, காலை

வியாழனன்று அந்த இடத்தில் ஆள் வந்துவிட்டதால் நிறுத்தினேன். இப்போது மேலே உள்ளதைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன், கிழிக்கவில்லை, நீ எல்லாவற்றையும் பார். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும்வரை வாப்பா காத்திருக்கவில்லை, நேற்று சனிக்கிழமை ஜப்பான் வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினார். நல்ல காரியம், எல்லோரும் வாங்க என்று பத்ரியாவையும் மைத்தாவையும் அங்கேயே வரச் சொல்லிவிட்டார். பத்ரியா தன் காரில் வந்தாள், வந்து இறங்கும்போதே இரண்டு பேர் முகமும் கடுகடு என்று இருந்தது, வழியில் அந்தப் பெல்ட் சண்டைதான். ஸுந்துஸ் கஹ்வாத் தட்டோடு வந்தாள், காகிதங்களை மேஜையில் பரப்பினாள். வாப்பா வாசனைத் தைலம் பூசி, நல்ல தலைப்பாகை கட்டி, மாப்பிள்ளை மாதிரி நின்றார். பத்ரியா வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பின்னாடி எல்லாருக்கும் பெல்ட்டு இருக்கு, மைத்தா மேடம் இனிமே என்ன சாக்கு சொல்லப் போறாங்கன்னு பாப்போம் என்றாள். ஸுந்துஸ் சிரித்துக்கொண்டே மைத்தாவைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்து, தானே பெல்ட்டை மாட்டினாள். டக் என்று சத்தம் கேட்டது. பிள்ளை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. ஸுந்துஸ் குனிந்து, எல்லாரும் எல்லாம் கேட்டாச்சு, உங்களுக்கு என்ன தெரியணும் குட்டி என்றாள், விளையாட்டாகத்தான். மைத்தா வகுப்பில் டீச்சரைக் கேட்பது போல மரியாதையாகக் கேட்டாள், இந்தப் பெல்ட்டு தண்ணிக்குள்ள கழலுமா என்று. தண்ணிக்குள்ள எதுக்குடா கண்ணு போட்டுக்கப்போற என்று ஸுந்துஸ் சிரித்தாள். பழைய வண்டியில கழலல, தாத்தாதான் கத்தியால அறுத்தாங்க என்றாள் மைத்தா. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு வாப்பாவைப் பார்த்து, நான் சொல்லல தாத்தா, கேட்டேன், கேக்கத்தான் செஞ்சேன் என்றாள்.

பத்ரியா போய்ப் பெல்ட்டைக் கழற்றப் பார்த்தாள். பொத்தான் அகப்படவில்லை, ஸுந்துஸ்தான் அழுத்திவிட்டாள். பத்ரியா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், எட்டு வயசுப் பிள்ளையை. அவள் வாப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். உம்மா, நீயும் அந்த வண்டியிலதான் இருந்தியா என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ரெண்டு மாசமா பெல்ட்டு போடலன்னு இவள அடிச்சுக்கிட்டு இருக்கேம்மா, பாத்துக்கிட்டுதானே இருந்த என்றாள். சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு பிள்ளையோடு வெளியே போய்விட்டாள், கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஸுந்துஸ் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியின் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி அந்தப் பிள்ளை கேட்டதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தாள். தேடும்போது அவளே ஒன்றைச் சொன்னாள், சாச்சா, அந்த எழுபது சென்டிமீட்டர் நிக்கிற தண்ணிக்குத்தான், ஓடுற தண்ணிக்கு இல்ல என்று. பிள்ளை கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை, உன் முப்பத்தொரு வரியிலும் அது இல்லை. வாப்பா மேஜையில் கிடந்த காகிதங்களை அவள் பக்கம் தள்ளினார். அந்தப் பேப்பர எடுத்து வச்சிடு மகளே என்றார். இரவல் வாங்கிய பிக்கப்பில் திரும்பி வந்தோம், நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்கள். வந்ததிலிருந்து பத்ரியாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார், அவள் எடுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்திலும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது வியாழனன்று நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன் மகனே. ஆற்றங்கரையில் அன்று வாப்பா தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்து வண்டியில் ஏறி, வேணாம் உம்மு நப்ஹான், ஓட்டம் சரியில்ல, திரும்பிடலாம் என்றார். வண்டியைப் பாதி திருப்பியும் விட்டார். பத்ரியா வீட்டில் அன்று அவள் மாமியார் வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து காத்துக்கொண்டிருந்தார்கள். நான் விடிகாலையிலிருந்து கோதுமையும் கறியுமாகக் கிண்டிய ஹரீஸ் இரண்டு சட்டி நிறைய, கம்பளியில் சுற்றி என் காலடியில் இருந்தது. ஆறினால் கல்லாகிவிடும், அந்தப் பெண்களில் ஒருத்திக்கு என் ஹரீஸைப் பற்றி ஏற்கனவே ஓர் இளக்காரம் உண்டு. நான்தான் சொன்னேன். நேத்து முளைச்ச பசங்க எல்லாம் தாண்டிப் போறானுங்க, பாலத்த ஊத்துன மனுஷன் திரும்பிப் போறீங்களா, இத நான் அந்தப் பொம்பளைங்ககிட்ட எப்படிச் சொல்றது என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், வண்டியை மறுபடி ஆற்றுப் பக்கம் திருப்பினார்.

இந்த இரண்டு மாசத்தில் ஒரு தடவை கூட, கோபத்தில் கூட, நீதானே சொன்ன என்று அவர் சொல்லவில்லை. வண்டி குட்டை என்றார், பாலம் அரித்தது என்றார், என் பெயரை எடுக்கவில்லை. நேற்று ஷோரூமில் எல்லோருக்கும் நடுவில் தலை குனிந்து நின்றபோதும் எடுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவரை நிறுத்துவதற்கு இத்தனை நாளாக வண்டி தேடிக்கொண்டிருக்கிறேன். அன்று அவர் தானாகவே நின்றவர்.

அதனால் நீ பொய் எழுத வேண்டாம். எந்த வண்டி என்றும் எழுத வேண்டாம். நாளைக்குக் காலையில் நான் ஒரு டாக்ஸி பிடித்துத் தனியாகப் பத்ரியா வீட்டுக்குப் போய், அவள் உட்கார் என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும், இதைச் சொல்லப் போகிறேன். மைத்தா இருக்கும்போதே சொல்வேன், தாத்தா சொல்ல வேண்டாம் என்றதையும் நான் சொல்லாமல் விட்டதையும் அவளும் கேட்கட்டும், இனி அவள் எதையும் அடக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் சொல்லி முடிந்திருக்கும். உன் அக்கா உனக்குப் போன் போட்டு அழுவாள், என்னைத் திட்டுவாள். அப்போது எனக்காகப் பேசாதே. வாப்பாவுக்காகப் பேசு.

உன் வேலையிலும் உணவிலும் இறைவன் பரக்கத் செய்யட்டும், உன்னை நல்லவர்கள் நடுவில் வைத்திருக்கட்டும், நீ சிரித்தபடி எங்கள் வாசலில் வந்து இறங்கும் நாளை எங்களுக்குக் காட்டட்டும். காய்ந்த எலுமிச்சையை ஓட்டை போட்டுக் குழம்பில் போடு, முழுசாகப் போட்டுவிட்டு உம்மா அனுப்பியதில் புளிப்பே இல்லை என்று சொல்லாதே. ஹல்வாவோடு பைக்குள் வைத்திருக்கும் கம்பளிச் சாக்ஸ் மூன்று ஜோடியும் உனக்குத்தான். வெள்ளிக்கிழமை வாப்பாவுக்குப் போன் பண்ணு, மறந்துவிடாதே, அவர் எடுக்கும் முன் மணி நிறைய அடிக்காது, போன் கையிலேயேதான் இருக்கிறது.

துஆக்களோடு,
உன் உம்மா
ராயா